உப்பு "தேவையான அளவு" என்றால் எவ்வளவு?

ஒருமுறை நான் வைத்த கோழி சூப்பின் குறிப்பை ஒரு தோழிக்கு அனுப்பினேன். உப்பு 2 டீஸ்பூன் என்று அளந்து பார்த்துத்தான் எழுதியிருந்தேன். மறுநாள் போன் வந்தது. "வாயில வைக்க முடியலடி, அப்படிக் கரிக்குது." எங்கே பிழை என்று தெரியாமல் இரண்டு பேரும் வீடியோவில் அவரவர் உப்பு டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டோம். அப்போதுதான் புரிந்தது. என்னிடம் இருந்தது விரலால் கிள்ளிப் போடும் செதில் உப்பு. அவளிடம் இருந்தது நைஸான தூள் உப்பு. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம் இருக்கும். செதில் உப்பில் இடைவெளி அதிகம், அதே ஸ்பூனில் ஏறக்குறைய பாதி எடைதான் நிற்கும். நான் சொன்னபடியே அவள் செய்தாள், சூப்பில் விழுந்ததோ இரண்டு மடங்கு உப்பு.

சமைத்ததை மற்றவர்களுக்குச் சொல்லும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நாம் தவறாக எதையும் எழுதுவதில்லை. நம் கைக்குப் பழகிப்போனதால் நினைவுக்கே வராத விஷயங்களை விட்டுவிடுகிறோம். படிப்பவருக்கு நம் கையும் இல்லை, நம் சட்டியும் இல்லை, நம் அடுப்பும் இல்லை.

"தேவையான அளவு" என்று எழுதுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சூப்பை ருசி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிசைந்த மாவையோ, மசாலா தடவி ஊறவைத்த பச்சைக் கறியையோ யாரும் ருசி பார்க்கப் போவதில்லை. அங்கெல்லாம் கிராம் கணக்கில் எழுதுங்கள். கப் என்ற அளவும் நம்பத்தக்கதில்லை. அமெரிக்கக் குறிப்புகளில் ஒரு கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஒரே கப்பை வைத்துக்கொண்டாலும், மைதாவை ஸ்பூனால் தளர்வாக எடுத்துப் போட்டால் 120 கிராம் அளவில் இருக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போய்விடும். இரண்டு கப் மாவு சேரும் கேக்கில் இது 60 கிராம் வித்தியாசம். கேக் வறண்டு போனதற்கு அடுப்பைத் திட்டிக்கொண்டிருப்போம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

"அரிசி 200 கிராம்" என்று எழுதினால் அது வேகாத அரிசியின் எடையா, வெந்த சாதத்தின் எடையா என்பதையும் சொல்லிவிடுங்கள். வெந்தபின் எடை இரண்டரை, மூன்று மடங்கு ஆகிவிடும்.

எனக்கு மிகவும் மனசு கஷ்டமாக இருப்பது நேரத்தைப் பற்றிய தவறு. "வெங்காயத்தைப் பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்ற வரியைப் பார்க்காதவர் யார்? அதை நம்பி, பத்தாவது நிமிடத்தில் வெங்காயம் வெளிறிக் கிடப்பதைப் பார்த்துப் பயந்து, தீயைக் கூட்டி, ஓரங்களைக் கருக்கி, "எனக்குச் சமையல் வராது" என்று முடிவு கட்டியவர்கள் எத்தனையோ பேர். தவறு அவர்கள் மேல் இல்லை.

வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த நீர் வெளியேறும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விளக்கிய பழுப்பாகும் வினை சுமார் 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். அதனால்தான் நேரம் ஆகிறது. கண்ணாடி போல ஆவதற்கு ஐந்து, ஏழு நிமிடம் போதும். ஓரங்களில் நிறம் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். சிறு தீயில் உருகி, அடர் பழுப்பாகி, ஜாம் மாதிரி இனிக்கும் பதம் வர முக்கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். இந்த மூன்றில் எது வேண்டும் என்பதைச் சொல்லாமல் "பொன்னிறம்" என்று மட்டும் எழுதுவது படிப்பவரை நடுவழியில் விட்டுவிடுவதுதான்.

நிமிடக் கணக்கோடு, நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். முதலில் சளசளவென்று நீர்ச் சத்தம் வரும். நீர் வற்ற வற்றச் சத்தம் மெலிந்து, எண்ணெய் பொரியும் சத்தமாக மாறும். பச்சை வாடை அடங்கி இனிப்பு வாசனை எழும். கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினால் அப்படியே குவிந்து நிற்கும், நீர் கசிந்து ஓடி வராது. இதைப் படிப்பவர் எந்த அடுப்பில் நின்றாலும் பதத்தைப் பிடித்துவிடுவார். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் இருப்பவர் வீட்டில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அவருக்கு நம் நிமிடக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஓவனும் அப்படித்தான். விசிறி உள்ள ஓவனுக்குச் சூட்டைச் சுமார் 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும், அதனால் உங்களுடையது எந்த வகை என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

சட்டியின் அளவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அகலமான சட்டியில் நாலு துண்டு கோழி நன்றாகச் சிவந்து வந்தது என்று நீங்கள் எழுதுவீர்கள். படிப்பவர் எட்டுத் துண்டைச் சின்னச் சட்டியில் நெருக்கி அடுக்குவார். துண்டுகள் விடும் நீர் ஆவியாகிப் போக இடம் இருக்காது, கறி வறுபடாமல் தன் நீரிலேயே வெந்து வெளிறிப் போகும். அளவை இரட்டிப்பாக்கினால் எல்லாமே இரட்டிப்பாகும் என்று எழுதிவிடவும் வேண்டாம். காரமும் உப்பும் அந்தக் கணக்கில் ஏறாது, ருசி பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு மடங்கு கேக் மாவை அதே டின்னில் ஊற்றினால் வெளியே கருகும், நடுவே மாவாகவே இருக்கும்.

அடுத்தவர் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்கள் சொன்ன மாதிரியேதான் செய்தேன், சரியாக வரவில்லை" என்று சொல்வதற்கு முன், என்ன மாற்றினோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பேக்கிங் பவுடருக்குப் பதில் அதே அளவு சமையல் சோடா போட்டிருந்தால், சோடாவின் வீரியம் சுமார் மூன்று மடங்கு, கேக் சோப்பு மாதிரி கசக்கும். மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியும்.

படத்துக்கு ஜன்னல் ஓர வெளிச்சம் போதும். தட்டில் முடிந்ததை மட்டும் எடுக்காமல், பாதி வெந்த நிலையில் சட்டிக்குள் எப்படி இருந்தது என்று ஒரு படம் போடுங்கள். பார்ப்பவருக்கு மிகவும் உதவுவது அதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ருசி கெடும் தவறுகள். உடம்பைக் கெடுக்கும் தவறுகளும் உண்டு, அவற்றை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு, அழகான பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம் என்று எழுதுகிறார்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். மணமோ நிறமோ மாறாமலே அது ஆளைக் கொல்லக்கூடியது. வீட்டில் செய்யும் பூண்டு எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து நேரே ஸ்லோ குக்கரில் போடச் சொல்வதும் ஆபத்து. அதிலுள்ள ஒரு நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது, அரைவேக்காட்டில் இன்னும் வீரியமாகும். முதலில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும்.

சாதமும் அப்படித்தான். "ராத்திரி முழுக்க வெளியே இருந்தால் என்ன, காலையில் நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் சரி" என்பது தவறு. பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும். சாதம் வெளியே கிடக்கும்போது அந்தக் கிருமி பெருகி வெளியிடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். "நான் பத்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பதில் வரும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் குறிப்பைப் பார்த்துச் சமைப்பவர் வீட்டில் ஒரு கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கலாம் இல்லையா?

நிலக்கடலை, எள், முந்திரி போன்றவை அரைத்த நிலையில் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருந்தால், அதைக் குறிப்பின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் கடைசிவரை படித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. யாரிடம் கற்றுக்கொண்டீர்களோ அவர் பெயரையும் ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், சரியாக வராததை மறைக்காதீர்கள். கொதிக்கும் பாலில் ஈஸ்ட்டைப் போட்டு, மாவு உப்பாமல் போன கதையை ஒருமுறை படத்தோடு எழுதினேன். 60 டிகிரியை நெருங்கினாலே ஈஸ்ட் செத்துவிடும், விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும் என்பதையும் சேர்த்து எழுதினேன். நான் எழுதிய நல்ல குறிப்புகளுக்கு "அருமை" என்று வரும், அவ்வளவுதான். இதற்கு மட்டும், மூன்று தடவை ரொட்டி கல்லாகிப் போய்க் கைவிட்டிருந்த ஒருவர், நாலாவது தடவை உப்பி வந்த மாவின் படத்தை அனுப்பியிருந்தார்.