கேரட் பிளக்கக் கூடாது, அறுபடணும்: பட்டறைக் கத்தியைச் சீராக்குவது எப்படி?

கொல்லுப் பட்டறையில் சொல்லி அடித்த கத்தி கைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்று எங்கள் அடுக்களையில் வேறு கத்தியை யாரும் தொடுவதில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் அது ஆணியில் சும்மாதான் தொங்கியது. அதைச் சரிசெய்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரும்பு: லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை போதும். அதில் கார்பன் 0.6 சதவீதம் அளவில் இருக்கும். விரிசல் கண்ட பட்டை வேண்டாம். கட்டடக் கம்பியில் அடித்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், துவைச்சல் (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்துக் கெட்டியாக்குவது) சரியாக ஏறாது.

2. பட்டறையில் சொல்ல வேண்டியது: முதுகு 3 மி.மீ. கனம், அலகு 15 செ.மீ. நீளம். வால், அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, பிடியின் கடைசிவரை ஓடட்டும். அலகும் வாலும் சேரும் மூலையை வளைவாக விடச் சொல்லுங்கள். செங்குத்தாக வெட்டினால் அங்கேதான் ஒடியும். துவைச்சல் எண்ணெயில் போடணும். தண்ணீரில் முக்கினால் இந்த இரும்பு வெடிக்கக்கூடும். ஆறியதும் அரத்தால் ராவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகணும். பிறகு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் வைக்கோல் நிறம் வரும்.

3. கனம் குறைப்பது: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கத்தியில் கைமுடியை மழிக்கலாம், அவ்வளவு கூர். ஆனால் கேரட்டை வைத்து அழுத்தினால் பாதி வழியில் 'டக்' என்று பிளந்து ஒரு துண்டு தெறித்து ஓடும். மறுபடி மறுபடி சாணை பிடித்தேன், மாற்றமே இல்லை. வெர்னியர் வைத்து அளந்தபோதுதான் புரிந்தது: கூருக்குச் சற்று மேலே 1.5 மி.மீ. கனம். கத்தி அறுக்கவில்லை, ஆப்பு மாதிரி பிளந்திருக்கிறது.

கரடுமுரடான கார்போரண்டம் கல்லைத் தண்ணீரில் நனைத்து, அலகின் பக்கவாட்டை ஏறக்குறையப் படுக்கவைத்துத் தேயுங்கள். மார்க்கரில் கறுப்பு பூசிக்கொண்டால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். கூருக்குமேல் அரை மில்லிமீட்டருக்குக் குறையும்வரை விடாதீர்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதன்பின் கேரட் சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது; அறுத்த முகம் வழவழவென்று ஈரமாக மின்னியது.

4. பிடி: உருண்டைப் பிடி வேண்டவே வேண்டாம். முட்டை வடிவில் இருந்தால்தான் கூர் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். கருவேலங்கட்டை, பித்தளை ரிவிட், அரால்டைட். அரக்கு வைத்து இறுக்குவது பழைய வழக்கம், ஆனால் வெந்நீரில் கழுவினால் இளகிவிடும்.

5. கூர்: நடுத்தரக் கல், பிறகு நைஸ் கல். பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வு. மறுபக்கம் விரல் நுனியில் பிசிறு தட்டியதும் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு.

பின்சேர்க்கை: வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். கறுப்பு கெடுதல் இல்லை. செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. கழுவியதும் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவினால் போதும்.

இன்னொருவர் மூன்றாவது படியை மின்சாரச் சாணை கிரைண்டரில் செய்திருக்கிறார். கூரில் நீலம் ஏறிவிட்டதாம். சூட்டில் துவைச்சல் இறங்கிவிட்டதற்கு அடையாளம் அது. நீலம் போகும்வரை கல்லில் கையாலேயே தேயுங்கள். இரண்டே நாளில் மறுபடி மழுங்கினால், இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கிறது.