படிப்பகத்தில் இஸ்ரேல்–பாலஸ்தீனம் பேசுவது எப்படி: வெளியுறவுக்குள் மதம் நுழையும் வழி

ராயபுரம், வியாசர்பாடி, மண்ணடி பக்கம் ஒரு படிப்பகத்தில் இந்த விஷயத்தைப் பேச உட்கார்ந்தால், மசூதிக்குப் போகிறவர், சபைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், எதற்கும் போகாதவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். "யார் பக்கம் நியாயம்" என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் ஆளுக்கொரு மூலை. "இன்ன நாட்டின் இன்ன முடிவுக்குள் மதம் எந்த வழியாக நுழைந்தது" என்று கேளுங்கள். இதற்கு எல்லாரும் சேர்ந்தே பதில் தேடலாம்.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். வெள்ளி மதியத்தையும் ஞாயிறு காலையையும் விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் மஃரிப் தொழுகைக்கு இடைவெளி விடுங்கள், டீயும் அப்போதே ஆகிவிடும். முதல் பத்து நிமிஷம் மனசில் இருப்பதைச் சொல்ல விடுங்கள். காஸா குழந்தைகளின் படத்தைப் பார்த்துத் தூங்காதவர் இருப்பார், 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டவர்களைப் பற்றிக் கேட்பவரும் இருப்பார். இதை அடக்கிவைத்தால் பின்னால் வேறு உருவத்தில் வெடிக்கும்.

பிறகு கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள்: நம்பிக்கை, அமைப்பு, பதவியில் இருந்தவர், முடிவும் தேதியும், வேறு காரணம். கடைசிக் கட்டத்தை யாரும் மறக்கக் கூடாது. அது இல்லையென்றால் எல்லாமே மதமாகத்தான் தெரியும்.

முதலில் அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமுக்குப் போன கதையை நிரப்புங்கள். நம்பிக்கை: யூதர்கள் அந்த மண்ணுக்குத் திரும்புவது கடைசிக் காலத்தின் அடையாளம் என்ற வாசிப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பியது; 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை அமெரிக்கச் சபைகளுக்குள் ஆழமாகக் கொண்டுபோனது. இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 12:3. அமைப்பு: 2006இல் பாஸ்டர் ஜான் ஹேகி தொடங்கிய, இஸ்ரேலை ஆதரிக்கும் கிறிஸ்தவர்களின் இயக்கம். பதவி: டிரம்ப், துணை அதிபர் மைக் பென்ஸ். முடிவு: 2017 டிசம்பர் 6இல் அறிவிப்பு, 2018 மே 14இல் தூதரகத் திறப்பு. அந்த விழாவில் ஹேகியே ஜெபம் செய்தார். அது சுவிசேஷ சபையினருக்காகச் செய்தது என்று 2020 ஆகஸ்டில் டிரம்ப்பே மேடையில் சொன்னார்.

இப்போது ஐந்தாவது கட்டம். தூதரகத்தை மாற்றச் சொல்லும் சட்டம் 1995இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்தடுத்து வந்த அதிபர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஆக, சட்டம் 22 வருஷமாக இருந்தது. "இனியும் தள்ளாதே" என்று நெருக்கியதில்தான் சபைகளின் பங்கைத் தேட வேண்டும். இந்த அளவு துல்லியம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, சுலபமான முடிவைக் கலைக்கும் உதாரணங்கள். அதே அமெரிக்காவில் ஒரு பெரிய பிரஸ்பிட்டேரியன் சபை, ஆக்கிரமிப்போடு தொடர்புடையவை என்று மூன்று நிறுவனங்களிலிருந்து முதலீட்டை எடுக்க 2014இல் தீர்மானித்தது. வாக்குகள் 310க்கு 303. வத்திக்கான் 1993இல் இஸ்ரேலோடும் 2015இல் பாலஸ்தீன அரசோடும் ஒப்பந்தம் போட்டது. மன்னர் ஷா காலத்தில் இஸ்ரேலுக்கு எண்ணெய் விற்ற ஈரான், 1979 புரட்சிக்குப் பின் அங்கிருந்த இஸ்ரேல் தூதரகக் கட்டிடத்தைப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குக் கொடுத்தது. மக்களின் மதம் மாறவில்லை, ஆட்சியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கி 1949இலேயே இஸ்ரேலை அங்கீகரித்தது. சியோனிசத்தை, அதாவது யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கையை, மதக் காரணம் சொல்லியே எதிர்க்கும் சத்மர் என்ற யூத மதப் பிரிவினரையும் சேருங்கள்.

இந்தியாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், நம்மவர்கள் ஊன்றிப் பேசுவது இங்கேதான். 1947இல் ஐ.நா.வில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக வாக்கு, 1950இல் இஸ்ரேலுக்கு அங்கீகாரம், முழுத் தூதரக உறவு 1992இல். இடையில் 1969 ரபாத் மாநாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதியில் நடந்த தீவைப்புக்குப் பின் கூடிய இஸ்லாமிய நாடுகளின் மாநாடு அது. இவ்வளவு முஸ்லிம்கள் வாழும் நாடு என்ற உரிமையில் இந்தியா இடம் கேட்டது, அழைப்பும் வந்தது. பாகிஸ்தான் எதிர்த்ததால் அப்போதைய மத்திய அமைச்சர் ஃபக்ருதீன் அலி அகமது தலைமையில் போன குழு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. மதச்சார்பற்ற அரசும் தேவைப்பட்டால் மதத்தின் கதவைத் தட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2017ஐயும் எழுதுங்கள்: ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் பயணம், டிசம்பரில் ஐ.நா.வில் ஜெருசலேம் விஷயத்தில் அமெரிக்காவுக்கு எதிராக வாக்கு.

கூட்டம் கெடுகிற இடங்கள் மூன்று. ஒன்று, "யூதர்கள் செய்தார்கள்", "முஸ்லிம்கள் செய்தார்கள்" என்ற பேச்சு. எந்த அரசு, எந்த இயக்கம், எந்த வருஷம் என்று அங்கேயே கேளுங்கள். யூதர்களை எங்கோ இருப்பவர்களாக நினைப்பவருக்கு மண்ணடிப் பவளக்காரத் தெருவைக் காட்டலாம். அந்தக் காலத்தில் பவள வியாபாரம் செய்த யூதர்கள் வாழ்ந்த தெரு அது. இரண்டு, வசனச் சண்டை. வேத வசனமானாலும் குர்ஆன் வசனமானாலும் முதல் கட்டத்தில் எழுதுங்கள். அதன் பொருள் சரியா என்று அங்கே விவாதிக்க வேண்டாம். மூன்று, வாட்ஸ்அப் வீடியோ. தேதியும் இடமும் தெரியாததைக் கூட்டத்தில் ஓட விடாதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் கட்டம் காலியாகவே நிற்கும் கூற்றின் மேல் "நம்பிக்கை உண்டு, செல்வாக்குக்குச் சான்று இல்லை" என்று எழுதி, பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வாரத்துக்கு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை பிரிட்டன் ஆதரித்த 1917 பால்ஃபர் பிரகடனத்தைக் கொடுக்கலாம். வேதாகமம் படித்து வளர்ந்த அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஒரு பக்கம், முதல் உலகப் போரின் கணக்கு இன்னொரு பக்கம். ஐந்து கட்டமும் நிரம்பும்.