வேலை யார் பெயரில், வைத்தியம் யார் கணக்கில்: பினாங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பினாங்கில் வந்து இறங்கியவர்கள் முதல் வாரத்தில் ரூம் எங்கே கிடைக்கும், ஊருக்கு எங்கிருந்து பணம் அனுப்பலாம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பணம் கட்டுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. லெபோ பசார் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். அந்தக் கேள்வியை மருத்துவமனை வராந்தாவில் நின்று முதல்முறையாகக் கேட்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளியின் மருத்துவப் பாதுகாப்பு அவருடைய பெர்மிட்டோடும் (வேலை செய்வதற்கான அனுமதி) அந்தப் பெர்மிட்டில் உள்ள முதலாளியின் பெயரோடும் கட்டப்பட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

உங்கள் பெர்மிட் முறையாக இருந்தால் இரண்டு பாதுகாப்பு உண்டு. ஒன்று சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதன் வேலை விபத்துத் திட்டத்தில் வருகிறார்கள். வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவீதம், நிரந்தர ஊனமானால் இழப்பீடு எல்லாம் இதில் உண்டு. சம்பளத்துக்குப் பதிலாக வரும் அந்தப் பணம் கிடைக்க, டாக்டர் குறைந்தது நான்கு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நோயால் உழைக்க முடியாமல் போவதற்கான திட்டமும் சேர்ந்திருக்கிறது. அதற்காக உங்கள் சம்பளத்தில் 0.5 சதவீதம் பிடிப்பார்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு அது ஏறத்தாழ எட்டரை ரிங்கிட். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். உங்களுக்கென்று 12 இலக்க சொக்சோ எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி போனில் குறித்துவையுங்கள்.

இரண்டாவது, ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்பீடு. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கோ விபத்துக்கோ அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றாலும் அறுவை சிகிச்சை செய்தாலும் இது கைகொடுக்கும். வெறும் காய்ச்சலுக்குக் கிளினிக் போய் மாத்திரை வாங்கிய செலவு இதில் வராது.

இந்த இரண்டும் இல்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போனால் என்ன ஆகும்? குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளி சிகிச்சைக்கு 1 ரிங்கிட்தான். நமக்கு அந்தக் கணக்கு கிடையாது. மூன்றாம் வகுப்பு வார்டில் சேரவே வெளிநாட்டவர் 1,400 ரிங்கிட் முன்பணம் கட்ட வேண்டும், அறுவை சிகிச்சை என்றால் 2,800. பில் அதற்கப்புறம் தனியாக வரும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். விடுமுறை நாளில் வேறு இடத்தில் போய் நாள் கூலிக்கு நிற்பது.

எங்கள் ரூமில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். சாப்பாட்டுக் கடையில் வேலை, பெர்மிட் எல்லாம் சரியாக இருந்தது. தங்கச்சி கல்யாணக் கடனுக்காக, ஓய்வு நாட்களில் ஒரு சமையல்காரரோடு கல்யாண மண்டபங்களுக்குப் போவான். கைக்காசு, ஒரு நாளைக்கு நூறு ரிங்கிட். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் அண்டாவைத் தூக்கும்போது கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெந்துவிட்டது. நான்தான் அவனை ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். எங்கே, யாரிடம் வேலை பார்க்கும்போது நடந்தது என்று கேட்டார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். கூட்டிப்போன சமையல்காரரின் போன் அணைந்திருந்தது. கடை முதலாளியோ, "என் கடையில் நடக்காததை என் கடையில் நடந்ததாக எப்படி எழுதுவேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அப்படி எழுதினால் அது பொய்ப் புகார். ரூம் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முன்பணம் கட்டினோம். ஆறு வாரம் சம்பளமில்லை. கல்யாணக் கடன் அப்படியே நின்றது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் விசாரித்தேன். சொக்சோவுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக வேலையை மொத்தமாக ஒதுக்கவில்லை. வேலை தற்காலிகமாகவும் இருந்து, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததாகவும் இருந்தால்தான் வெளியே தள்ளுகிறது. அதாவது, சமையல்காரர் பந்திக்கு ஆள் வைத்தால் அது அவர் தொழில்தான், இரண்டு நாள் வேலையானாலும் அவர் அந்த ஆளைச் சொக்சோவில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் பெர்மிட் ஒரே முதலாளிக்கும் ஒரே துறைக்கும்தான். வேறொருவர் தன் பெயரில் உங்களைப் பதியவே வழியில்லை. அவர் பிடிபட்டால், பெர்மிட் இல்லாத ஆளை வைத்ததற்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். போனை அணைத்ததற்குக் காரணம் அதுதான். உங்களுக்கோ பெர்மிட்டே போய்விடும். பெர்மிட் போனால் காப்பீடும் அதோடு சேர்ந்து போகும்.

இதில் இன்னொரு வகை இருக்கிறது, அதில்தான் நல்ல பிள்ளைகள் மாட்டுகிறார்கள். "தம்பி, அண்ணன் கடையில் ஆள் இல்லை, ரெண்டு நாள் போய் நில்லுப்பா" என்று சொந்த முதலாளியே அனுப்புவார். மறுக்க முடியாது, எனக்குத் தெரியும். அப்போது, "பாஸ், எந்தக் கடை, எத்தனை நாள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். ஏதாவது நடந்தால், நீங்களாகப் போகவில்லை என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

இங்கே படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, கல்லூரி மூலம் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கி வேலை செய்யலாம். பாடம் நடக்கும் வாரங்களில் முடியாது. கணவரின் வேலையை ஒட்டி டிபெண்டன்ட் பாஸில் வந்த அக்காமார்களே, அந்தப் பாஸில் சம்பள வேலை கிடையாது. பக்கத்து வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்துக் காசு வாங்கினாலும் கவனமாக இருங்கள். இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வந்து தங்கலாம். அது சுற்றிப் பார்க்க மட்டும்தான். "முதலில் வா, பெர்மிட் அப்புறம் போடலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் டிக்கெட் எடுக்காதீர்கள். அப்படி வருபவருக்கு ஸ்பிக்பாவும் இல்லை, சொக்சோவும் இல்லை.

முறையான வேலையில் இருப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால், வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகும்வரை வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் தனியாக 60 நாள். முதலாளி ஏற்பாடு செய்துவைத்திருக்கும் பேனல் கிளினிக்கில் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் வராதவர் என்று கணக்கில் வைப்பார்கள்.

பெர்மிட் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி அரசு மருத்துவமனைகள் ஆவணம் இல்லாதவரைப் பற்றிப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நெஞ்சுவலி, ரத்தப்போக்கு, பெரிய தீக்காயம் என்றால் 999-ஐ அழையுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உயிரோடு இருந்தால்தான் அதற்கு வழி தேட முடியும்.

வேலையில் அடிபட்ட அன்றே செய்ய வேண்டியது: நடந்த இடத்தையும் காயத்தையும் போட்டோ எடுங்கள், கூட நின்ற இருவரின் பெயரை எழுதுங்கள். கிளினிக் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குப் புகார் தர வேண்டும், அதற்கான படிவத்தின் பெயர் போராங் 34. மூன்றாம் நாளும் அது போகவில்லை என்று தெரிந்தால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். மலாய் சரளமாகப் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.