எல்லாம் இருந்தும் சப்பென்று கிடந்த படம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தேன். பர்மா தேக்குத் தூண், நாட்டு ஓடு, ஆத்தங்குடித் தரைக்கல் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "எல்லாம் இருக்கு தம்பி, எங்க பாக்குறது?" என்றார்கள்.

சரிதான். எல்லாவற்றையும் ஒரே எச்பி பென்சிலால், ஒரே அழுத்தத்தில் இழுத்திருந்தேன்.

மறுநாள் புதுத் தாள். தூணுக்கு எச்பியைவிட மென்மையான, கருப்பான 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, மர ரேகை ஓடும் திசையிலேயே நீளமாக இழுத்தேன். ஓட்டுக்கு நுனியால் சின்னச் சின்ன வளைவு. கீழ்வரிசையில் நெருக்கமாக, மேலே போகப் போக விட்டுவிட்டு. சுண்ணாம்புச் சுவரில் பென்சிலே வைக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தப் பளபளப்புக்கு வெறும் தாள்தான் பொருத்தம். தரைக்கல்லின் பூவை முன்னால் மூன்று கட்டத்தில் மட்டும் போட்டேன், மற்றதைக் கண் நிரப்பிக்கொள்ளும். தூண் வரிசையின் லயம் கொஞ்சம் அலுத்தது. ஒன்றில் முறத்தைச் சாய்த்து வைத்தேன். அப்புறம் இன்னும் கருப்பான 6பி எடுத்து, இருட்டையெல்லாம் வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டு வாசலில் குவித்தேன்.

ஆச்சி பார்த்ததும் கேட்டது: "இரண்டாங்கட்டுல யாரு வெளக்கப் போடாம விட்டது?"