நம் குயில் இறங்கிக் கூவாது: மாணவர் தந்தி இசைக்குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் வந்தால் கொழும்பில் விடியுமுன்பே குயில் தொடங்கிவிடும். வெள்ளவத்தையின் மாடிக்கட்டடங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு மாமரம் போதும் அதற்கு. அந்தக் கூவலைப் பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம், "வயலினில் குயில் கூவட்டும் பார்ப்போம்" என்று முதல் தடவை சொன்னபோது, அநேகமாக எல்லோரும் மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம் என்று 'குக்-கூ' வாசித்தார்கள். அது ஐரோப்பாவின் குக்கூப் பறவை. 1808இல் அரங்கேறிய பேத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் கிளாரினெட் வாசிப்பது அந்த இறங்கும் இரண்டு சுரங்களைத்தான். நம் குயிலும் அதே குடும்பம்தான், ஆனால் அது இறங்கிக் கூவாது. ஒவ்வொரு கூவலும் கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். அடுத்தது அதைவிட உயரத்தில், இன்னும் அவசரமாக. உச்சிக்குப் போனதும் சட்டென்று அறுந்துவிடும்.

இயற்கையைப் பாடும் இசையை மாணவர்கள் வாசிக்கும்போது வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன: காதால் கேட்காமல், பாடப்புத்தகம் சொன்ன பறவையை வாசிப்பது. சரி, எப்படித் திருத்துவது? வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, யன்னலைத் திறந்து, பத்து நிமிடம் சும்மா கேட்கச் சொல்லுங்கள். கைபேசியில் பதிந்து வரச் சொல்லுங்கள். பிறகு வாயால் பாட வேண்டும். பாட வந்த பிறகுதான் தந்தியில் தேட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பலன் இல்லை.

கொழும்பில் நமக்கு இருக்கும் ஒரு வசதியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். ஒரே குழுவில் கர்நாடக வயலின் படிக்கும் பிள்ளையும் மேற்கத்திய வயலின் படிக்கும் பிள்ளையும் இருப்பார்கள். குயிலின் அந்த ஏறும் வழுக்கல் கர்நாடகப் பிள்ளைக்குக் கைவந்த ஜாரு. மேற்கத்திய முறையில் படிக்கும் பிள்ளைக்கோ, சுரத்துக்குச் சுரம் வழுக்காமல் விரல் வைக்கத்தான் முதலில் சொல்லித்தந்திருப்பார்கள். ஒருவருக்கு மற்றவர் காட்டிக் கொடுக்கட்டும். தவறு எங்கே வருகிறது என்றால், சுருதியை முடிவு செய்யாமல் இருவரையும் பக்கத்தில் உட்கார வைப்பதில். கர்நாடகப் பிள்ளையின் தந்திகள் ஸ-ப-ஸ-ப, மற்றவருடையவை மேற்கத்திய சுரப்பெயர்களில் ஜி-டி-ஏ-ஈ. குழுவில் எல்லோரும் ஜி-டி-ஏ-ஈ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகப் பிள்ளைகளுக்கு நடுவில் உள்ள டி தந்தியை ஸ, ஏ தந்தியை ப என்று சொல்லிக் கொடுத்தால், அந்த இரண்டு தந்திகளிலும் விரல்கள் பழகிய இடத்திலேயே விழும். முதல் சில மாதங்கள் அவர்களுக்கு அந்த இரண்டு தந்திகளுக்குள் அடங்கும் பகுதியை எழுதிக் கொடுப்பது நல்லது.

அடுத்தது புயல். எல்லாப் பிள்ளைகளுக்கும் புயல் வாசிக்க ஆசை. எல்லோரும் முதல் நொடியிலேயே முழுப் பலத்தோடு இறங்குவார்கள், பதினைந்து நொடியில் கை சோர்ந்துவிடும், அதற்கு மேல் ஏற இடமும் இருக்காது. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதத்துப் பின்னேர மழையை நினைத்துப் பாருங்கள். முதலில் காற்று நின்றுவிடும். சட்டை முதுகில் ஒட்டும். தூரத்தில் ஏதோ உருளும். அதன் பிறகுதான் மழை. 1725இல் வெளியான விவால்டியின் 'நான்கு பருவங்கள்' தொகுப்பில் வரும் 'கோடை'யும் இதே வழிதான் போகிறது: வெக்கையில் துவண்டுபோன இசையாகத் தொடங்கி, முழுப் புயலை மூன்றாம் பகுதி வரை பிடித்து வைத்திருக்கிறது. பனியைக் கண்டிராத நம் பிள்ளைகளிடம் 'குளிர்கால'த்தை விளக்கப் பாடுபடுவதைவிட, 'கோடை'யைக் கொடுத்தால் விளக்கமே தேவைப்படாது. புழுக்கம் அவர்களுக்குத் தெரியும்.

ட்ரெமோலோவை, அதாவது ஒரே சுரத்தில் வில்லை விரைவாக முன்னும் பின்னும் அசைப்பதை, முழுக்கையால் ஆட்டுவது இதோடு சேர்ந்த தவறு. வில்லின் நுனியில், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும், மணிக்கட்டிலிருந்து அசைய வேண்டும். நீண்ட பகுதியென்றால் பாதிப் பேர் வாசிக்க, மற்றவர்கள் கையை ஆறவிட்டு மாறி மாறி வரலாம். இடிக்குப் பேத்தோவனிடம் ஓர் அருமையான வழி இருக்கிறது. ஆறாவது சிம்பொனியின் புயலில், வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட செலோக்கள் ஐந்து சுரம் வாசிக்கும் நேரத்தில், அவற்றைவிடவும் பெரிய டபுள் பேஸ் நான்கு சுரம் வாசிக்கும். இரண்டும் பொருந்தாமல் உரசும்போது தரை உறுமுவது போலக் கேட்கும். எல்லாவற்றையும் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அந்த உறுமல் வராது.

மழைத்துளியிலும் இதே சிக்கல்தான். பிட்சிகாட்டோவை, அதாவது வில் இல்லாமல் விரலால் மீட்டுவதை, எல்லோரும் ஒரே தாளத்தில் செய்தால் அது அணிவகுப்பு. துளிகள் ஒன்றையொன்று பார்த்து விழுவதில்லையே! மோகன ராகத்தின் ஐந்து சுரங்களைக் கொடுத்து, இருபது நொடிக்கு அவரவர் விரும்பிய நேரத்தில் மீட்டச் சொல்லுங்கள். எந்தச் சுரம் எதோடு மோதினாலும் காதுக்கு இதமாகவே இருக்கும். நடத்துபவர் கையை உயர்த்தினால் துளி கூடட்டும், தாழ்த்தினால் குறையட்டும். அப்புறம், மீட்டலிலிருந்து வில்லுக்கு மாற ஒரு முழுத் தாளச் சுற்றாவது ஓய்வு கொடுங்கள். இல்லையென்றால் வில் விழும் சத்தம்தான் இடியாகக் கேட்கும்.

வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்டும் கொல் லெஞ்ஞோ பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நல்ல வில்லில் வேண்டாம். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வில் அது. ஒரு பென்சில் போதும்.

கடலலை என்றால் எல்லோரும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குவது வழக்கம். வெள்ளவத்தைக் கரையில் ஒரு பின்னேரம் நின்று பாருங்கள். ஓர் அலை பின்வாங்கும்போதே அடுத்தது எழுந்துவிடும். இரண்டாம் வயலின் தணியும்போதே, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா தொடங்கட்டும். ஜனவரிக் கடலும் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலும் ஒன்றல்ல என்பதையும் பிள்ளைகளிடம் கதையுங்கள். எதை வாசிக்கிறோம் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

தலைப்பைப் பார்த்துப் படைப்பைத் தெரிவு செய்யாதீர்கள். 'காடு', 'நதி' என்று அழகான பெயர் இருக்கும். உள்ளே மூன்று ஃபிளாட் (அரைச் சுரம் தாழ்த்தும் குறி) இருக்கும். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு டி மேஜர், ஜி மேஜர் போலத் திறந்த தந்திகள் ஒலிக்கும் சுருதிதான் காடாகவும் நதியாகவும் அதிரும். வயோலா ஆள் இல்லையென்றால் அந்தப் பகுதியை மூன்றாம் வயலினுக்கு மாற்றி எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

நிகழ்ச்சி நாளில் ஒரு விடயம். கொழும்பின் ஈரக்காற்றில், தந்திகளை இறுக்கும் முறுக்காணிகள் ஊதி இறுகிப்போயிருக்கும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனதும் காய்ந்து வழுக்கும். அரை மணி முன்பே உள்ளே போய், வாத்தியங்கள் அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு சுருதி சேருங்கள்.

திரையில் நீர்வீழ்ச்சிப் படங்கள் ஓட்டுவதும், இசைக்கு மேலே ஒருவர் ஒலிவாங்கியில் "இப்போது மழை பெய்கிறது" என்று சொல்வதும் எனக்கு உண்மையாகவே வலிக்கும். நாலு மாதம் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்த மழை அது, கேட்பவர்களுக்கும் அது தானாகவே விளங்கும். கடைசித் துளி மீட்டி முடிந்ததும் வில்லையும் கையையும் இறக்காமல், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை அப்படியே நிற்கப் பழக்குங்கள். கைதட்டல் அதன் பிறகு வரட்டும்.