ஒரு கையால் சமைக்கலாம்: பிடிக்கிற வேலையை ஈரத்துணியிடம் கொடுங்கள்

பக்கவாதம், எலும்பு முறிவு, மிஷினில் அடிபட்ட கை, பிறவியிலேயே ஒரு கை இல்லாதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். ராயபுரத்தில் என் சின்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகு, அவருடைய சமையலறையை இரண்டு பேருமாகச் சேர்ந்து மாற்றினோம். கீழே இருப்பதெல்லாம் அங்கே அவர் செய்து பார்த்து, "இது ஆவும் கண்ணு" என்று சொன்னவை.

முதலில் ஒன்று. சமைக்கும்போது இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு கை நறுக்கும், கிண்டும், ஊற்றும். இன்னொரு கை பெரும்பாலும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வெங்காயத்தைப் பிடிக்கும், வாணலியைப் பிடிக்கும், பாட்டிலைப் பிடிக்கும். அந்தப் பிடிக்கிற வேலையை ஒரு துணியிடமோ ஆணியிடமோ சுவரிடமோ கொடுத்துவிட்டால், மிச்ச வேலைக்கு ஒரு கை போதும். எந்த வேலையில் தடுமாறினாலும், "இங்கே எதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வழி அங்கேயே தெரிந்துவிடும்.

அடுப்படிக்குப் போகும் முன் இன்னொன்று. கை இருந்தும் உணர்ச்சி இல்லாமல் மரத்துப் போயிருந்தால், அந்தக் கையை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுட்டால்கூடத் தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. கை அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிறகான பயிற்சிக்கும் அங்கே தனிப் பிரிவே உண்டு. கை திரும்ப வர வாய்ப்பு இருக்கிறவர்கள் பயிற்சியை விட்டுவிடாமல், அதோடு சேர்த்து இதையும் செய்யுங்கள்.

அடுப்படியைத் தயார் செய்வது

சமையல் மேடையில் ஒரு பழைய துண்டை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். பிழிவதற்கு, குழாயின் கழுத்தில் துணியை மடித்துப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினால் போதும். இந்த ஈரத்துணி மேல் வைத்த கிண்ணம், தட்டு, பலகை எதுவும் நகராது. செலவே இல்லாத உதவி இது, வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அடுத்தது ஆணிப் பலகை. ஒரு அடிக்கு முக்கால் அடி மரப்பலகை எடுத்து, துருப்பிடிக்காத இரண்டு அங்குல ஆணிகள் இரண்டை ஒரு அங்குல இடைவெளியில் அடியிலிருந்து மேலே வரும்படி அடிக்கச் சொல்லுங்கள். பலகையின் ஒரு மூலையில் இரண்டு பக்கமும் சின்னச் சட்டம் வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது அந்த மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும். தெருவில் இருக்கிற ஆசாரி யாரானாலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்.

இதில் வெங்காயம் நறுக்குவது இப்படி: தோலோடு ஆணியில் குத்துங்கள். முதல் வெட்டில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஆணியில் இருக்கிற பாதியின் ஓரத்தில் கத்தி நுனியால் தோலைக் கிளப்பினால் விரலோடு உரிந்து வரும். பிறகு அதை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மறுபடி குத்தி, மெதுவாக நறுக்குங்கள். அவசரமே வேண்டாம். வேலை முடிந்ததும் ஆணி முனையில் ஒரு பழைய கார்க்கையோ உருளைக்கிழங்குத் துண்டையோ சொருகிவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம்.

எல்லாவற்றையும் நறுக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. தக்காளியைக் கையாலேயே பிசைந்துவிடலாம். கொத்தமல்லியை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, கத்தரிக்கோலை உள்ளே விட்டு வெட்டினால் பொடிப்பொடியாக விழும். பூண்டை இடிகல்லில் போட்டு ஒரே தட்டு தட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். உரித்த பூண்டு, உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய கோஸ் எல்லாம் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூடத்தான், ஆனாலும் வாங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட் எதுவானாலும் ஒரு சொம்புக்குள் நிமிர்த்தி வைத்து, மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பாட்டில் மூடி திறக்க, மேசை இழுப்பறையைப் பாதி திறந்து பாட்டிலை அதற்குள் நிறுத்தி, இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி இறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மூடியைத் திருகினால் பாட்டில் சுற்றாது. இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து சின்னம்மா, "நீ நவுரு, மூடிய நான் தொறந்துக்கறேன்" என்கிறார். தண்ணீர் கேன் போடுகிறவரிடம், கேனை வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே வந்து குழாய் வைத்த ஸ்டாண்டில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். யாரும் மறுப்பதில்லை.

சாதா கேஸ் அடுப்பில் ஒரே கையால் திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அதற்குள் கேஸ் கசிந்துவிடும். திருகினாலே பற்றிக்கொள்கிற அடுப்பு, இல்லையென்றால் இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது. இண்டக்‌ஷனுக்குத் தட்டையான அடியுள்ள பாத்திரம் வேண்டும். அடியில் காந்தம் ஒட்டினால் அது ஆகும், சும்மா அலுமினியம் ஆகாது.

முதல் சாப்பாடு: ரைஸ் குக்கரில் பாசிப்பருப்பு சாதம்

ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் மின்சார ரைஸ் குக்கரை வாங்குங்கள். பிரஷர் குக்கர் மூடியைப் பொருத்த இரண்டு கை கேட்கும். கஞ்சி வடிப்பதை ஒரு கையால் செய்யவே கூடாது. ரைஸ் குக்கரில் மூடியை மேலே வைத்தால் போதும். தண்ணீர் வற்றி அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் சுவிட்சு தானாக விழுந்துவிடும், நிறுத்த ஓட வேண்டியதில்லை.

ஒருவருக்கு அரை டம்ளர் அரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. இரண்டையும் ஒரு வடிகட்டியில் போட்டு, குழாய்க்கு அடியில் வைத்துக் கையால் கிளறிக் கழுவுங்கள். குக்கரின் உள்பாத்திரத்தை எடுக்கவே வேண்டாம், அதன் இடத்திலேயே இருக்கட்டும். வடிகட்டியை அதற்குள் கவிழ்த்து, இரண்டரை டம்ளர் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் நான்கு பல் பூண்டும் இடிகல்லில் இடித்துப் போடுங்கள். மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை ஒரு கொத்து அப்படியே காம்போடு. ஒரு ஸ்பூன் நெய்யும் இப்போதே விட்டால் பொங்கி வழிவது குறையும், தாளிக்கிற வேலையும் மிச்சம்.

சுவிட்சைத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சுமார் அரை மணி நேரத்தில் ஆகிவிடும். விழுந்ததும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பாத்திரத்தைத் தூக்காதீர்கள், கரண்டியால் தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு கைச் சமையலில் சூடான எதையும் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. மேடை மேலேயே நகர்த்தலாம், கரண்டியால் எடுக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது: வீட்டு அத்தோ

இது என் மனதுக்குப் பிடித்தது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டிகளில் அவர்கள் அதைப் பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தில் நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் விழும், விரல்கள் உள்ளே போய்ப் புரட்டும். பிசைவது முழுக்க ஒரு கை வேலை.

நூடுல்ஸுக்குப் பதில் அரிசி சேமியா எடுங்கள், வேகவைத்து வடிக்க வேண்டாம். ஒரு அகலமான பாத்திரத்துக்குள் வடிகட்டியை வைத்து, அதில் சேமியாவைப் போட்டு, மின்சாரக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை மூழ்கும் வரை ஊற்றுங்கள். கெட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், கை தாங்காது. நான்கைந்து நிமிடம் கழித்து ஒரு இழையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். வெந்திருந்தால் வடிகட்டியை மட்டும் தூக்கி ஓரமாக வையுங்கள். சுடுதண்ணீர் பாத்திரத்திலேயே ஆறட்டும்.

ஈரத்துணி மேல் பெரிய கிண்ணம் வைத்து, ஆறிய சேமியா, பொடியாக நறுக்கிய கோஸ், பிரியாணிக்கென்று கடையில் விற்கிற வறுத்த வெங்காயம், இரண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, இடித்த காய்ந்த மிளகாய், கெட்டிப் புளித்தண்ணீர், உப்பு, கொத்தமல்லி எல்லாம் போட்டுப் பிசையுங்கள். இறால் பொடி இருந்தால் ஒரு சிட்டிகை சேருங்கள், வாசனையே வேறு. மிளகாய் தொட்ட கையால்தான் கண்ணையும் துடைப்போம், இன்னொரு கை இல்லை. அதனால் பிசைந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

மேலே வைக்க அவித்த முட்டை. உரிக்க, மேடை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். ஓடு முழுக்க நொறுங்கியதும் குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டி, கட்டைவிரலால் தள்ளினால் தோலோடு வழுக்கி வந்துவிடும்.

மூன்றாவது: மீன் வறுவல்

காசிமேட்டில் மீன் வாங்கினால் அங்கேயே வெட்டித் தருகிறவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள். வஞ்சிரத் துண்டு கேளுங்கள், நடுமுள் மட்டும்தான், ஒரு கையால் எடுத்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விலை ஏறும், அப்போது முட்டையே போதும்.

மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி, கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். தோசைக்கல்லின் கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றப் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் இடிகல்லை முட்டுக்கொடுங்கள். கல்லில் எண்ணெய் விட்டு மீனை வைத்து, மிதமான தீயில் நான்கு நிமிடம் தொடாதீர்கள். அடி மொறுமொறுவென்று ஆனால் மீன் தானே கல்லை விடும். திருப்பியைத் துண்டுக்கு அடியில் விட்டு, எதிர் ஓரத்தில் முட்டும்படி தள்ளிக் கவிழ்த்துங்கள்.

சாப்பிடும்போது

உட்காரும் முன்பே சோறு, குழம்பு, தண்ணீர் எல்லாம் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பிடுகிற கையால்தான் கரண்டியையும் தொட வேண்டியிருக்கும். தட்டுக்கு அடியிலும் ஈரத்துணி, விளிம்பு உயரமான தட்டு.

வலது கை போனவர்கள் இடது கையால் சாப்பிடத் தயங்குகிறார்கள், பந்தியில் யாராவது பார்ப்பார்கள் என்று. அவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வது, சாப்பிடுங்கள். கூச்சமாக இருந்தால் ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள், பட்டினியாக மட்டும் எழுந்து வராதீர்கள். வீட்டில் இருக்கிறவர்களும் அவர் கேட்கும் முன்பே முந்திக்கொண்டு ஊட்டப் போகாதீர்கள். கேட்டால் செய்யுங்கள்.

பாத்திரங்களை உடனே ஊறப்போட்டுவிட்டால் தேய்க்கிற வேலை பாதியாகும். தொட்டியின் அடியில் இன்னொரு ஈரத்துணியை விரித்து அதன் மேல் வைத்துத் தேய்த்தால் பாத்திரம் ஓடாது.