துபாய் வீட்டைக் காலி செய்யும்போது வரிசை மாறினால் வரும் வினைகள்

துபாயிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். சிக்கல் வருவது அங்கே அல்ல, விசா, கணக்கு, இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கேன்சல் அடிக்கும் வரிசையில். எமிரேட்ஸ் ஐடி (அங்கே வசிப்பவருக்கான அடையாள அட்டை) உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய.

மனைவி, பிள்ளைகள் உங்கள் விசாவில் இருந்தால் முதலில் அவர்களுடையதை ரத்து செய்ய வேண்டும். அதன் பிறகே உங்களுடையது. இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு தேதி மாற்றத் தண்டம் கட்டுகிறவர்கள் உண்டு.

அதைவிட மோசமானது அவசரக் கையெழுத்து. ‘சேர வேண்டியதெல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி விசா ரத்துப் படிவத்திலேயே இருக்கும். பணம் வருமுன் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பணிக்கொடை முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். அடிப்படை 6,000 திர்ஹாம் என்றால் நாளுக்கு 200. 8 ஆண்டு வேலை செய்தவருக்கு 21,000 + 18,000 = 39,000 திர்ஹாம். எடுக்காத விடுப்புக்கான சம்பளம் தனி. வேலை முடிந்த 14 நாளுக்குள் இதைத் தர வேண்டும் என்பது சட்டம்.

கடன் பாக்கி உள்ள கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் வங்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரெடிட் கார்டை இரண்டு மாதம் முன்பே மூடி, பாக்கியில்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். பாக்கி வழக்காகிப் பயணத்தடை விழுந்திருந்தால், பலருக்கு அது தெரியவருவது விமான நிலையத்தின் குடியேற்றக் கவுன்டரில்தான்.

வங்கிக் கணக்கையும் சிம்மையும் மட்டும் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். ‘ஊருக்குத்தானே போகிறோம்’ என்று சிம்மை முதலில் வெட்டினால் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் மிச்சப் பணத்தை அனுப்ப முடியாது. போஸ்ட்பெய்டை ப்ரீபெய்டாக மாற்றினால் போதும்.

வீட்டைப் பொறுத்தவரை, வரும் மாதங்களுக்கென்று கொடுத்து வைத்த வாடகைக் காசோலைகளைத் திரும்ப வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். டீவா (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) இணைப்பைத் துண்டிக்கும் தேதி, சாவி கொடுக்கும் நாளுக்கு முன்னதாக இருக்கவே கூடாது. ஒருநாள் முந்தினாலும் ஜூலை வெயிலில் ஏசியும் தண்ணீரும் இல்லாமல் வீட்டைக் கழுவிப் பெயின்ட் அடிக்க வேண்டிவரும். டீவா முன்பணம் அடுக்குமாடி வீட்டுக்கு 2,000, வில்லாவுக்கு 4,000 திர்ஹாம். கடைசி பில் போக மீதி திரும்ப வரும். வங்கிக் கணக்கை மூட அவசரப்படாதீர்கள் என்பது இதற்காகவும்தான். சில்லர், அதாவது கட்டடத்தின் மைய ஏசி இணைப்பு, தனி நிறுவனத்தோடு என்றால் அங்கேயும் ஒரு முன்பணம் கிடக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

காரை ஐடி செல்லுபடியாகும்போதே வாங்குபவர் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாறாத காருக்கு அபராதம் உங்கள் பெயரில்தான் ஏறும். பிள்ளைகளின் டி.சி.க்கு வேண்டிய சான்றொப்பங்களையும் அங்கேயே முடித்துவிடுவது நல்லது. ஊரிலிருந்து ஆள் பிடித்துச் செய்வது பெரும் அலைச்சல்.

இனி கார்கோ. விமானக் கார்கோவில் எடை, கொள்ளளவு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவதுதான் கொள்ளளவுக்கான கிலோ. 60×45×45 அட்டைப்பெட்டி நிறையத் தலையணை திணித்தால் தராசில் 6 கிலோ, பில்லில் 20 கிலோ. அந்தப் பணத்துக்கு ஊரில் புதுசே வாங்கலாம். மெத்தென்ற சாமான்களைக் கப்பலில் போடுங்கள், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கயிறு கட்டிய போர்வை மூட்டையை துபாய் விமான நிலையத்தில் ஏற்கமாட்டார்கள். பையின் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. பவர்பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-ஹவர், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை. தங்கக் காசும் பிஸ்கட்டும் ஊருக்குக் கொண்டுவரும் நகைகளுக்கான வரிச் சலுகையில் சேராது. இங்கே இறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியில் (வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான வழி) போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிகிரி சான்றிதழ், டி.சி., தடுப்பூசி அட்டை, வங்கிக் கடிதம், ஒரு மாத மருந்து ஆகியவை கைப்பையோடு வரட்டும். கப்பல் கார்கோ வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். ஜூனில் பள்ளிச் சேர்க்கைக்குப் போகும்போது அந்தப் பெட்டி கடலில் இருக்கும்.